ஸெத்தீஃபில் இல்லாத என் மகனுக்கு

தம்பி,

"உங்க பையன் அங்க என்னதான் டீச்சர் சாப்பிடுறாரு?" என்று சென்ற ஆண்டு ஒருவர் என்னைக் கேட்டார். நம் குடியிருப்பின் பொதுமண்டபத்தில் நான் பேசி முடித்த நேரம் அது. தலைப்பு உனக்கு நினைவிருக்கும்: 'என் மகன் வாழும் நகரம்'. அல்ஜீரியாவின் மேட்டு நிலத்தில் இருக்கும் ஸெத்தீஃப் நகரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் படம் போட்டுக் காட்டியிருந்தேன். கேள்வி வந்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கோதுமை ரவையை ஆவியில் வேகவைத்து, அதன்மேல் ஆட்டிறைச்சியும் காய்களும் போட்ட குழம்பை ஊற்றிச் சாப்பிடுவார்கள், அதற்குக் கூஸ்கூஸ் என்று பெயர் என ஐந்து நிமிடம் விளக்கினேன். கை தட்டினார்கள். அன்று மதியம் நீ சாப்பிட்டது நான் காலையில் வைத்த முருங்கைக்காய்ச் சாம்பாரும் கோவைக்காய்ப் பொரியலும் என்பது இப்போதுதான் எனக்குத் தெரியும். கார் டயரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பேச்சுக்கு வராமல் நழுவிய உன் அப்பா, அதை அடுக்குப் பாத்திரத்தில் உனக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அல்ஜீரியாவுக்கு அல்ல. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், நாம் குடியிருக்கும் இதே ஸ்கூடாயில்.

இந்தக் கடிதத்தை நான் உறை போட்டு ஒட்டவில்லை. அன்று மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் இடைநிலைப் பள்ளியில் புவியியல் சொல்லிக் கொடுத்தவள் நான். பலகையில் பிழையாக எழுதிவிட்டால் எல்லார் கண் முன்னாலும்தான் அழித்துத் திருத்துவேன். என் மகன் ஸெத்தீஃபில் இருக்கிறான் என்று நான் ஊரறியச் சொன்னேன். அவன் ஒருநாளும் அங்கே இருந்ததில்லை. திருத்திவிட்டேன். இனி உன் கேள்விக்கு வருகிறேன். அடுத்த மாதம், பெண் வீட்டாரின் ஊரான தங்காக்கில் உன் திருமணம். அழைப்பிதழ் வந்தது. "அம்மா வருவாங்களா?" என்று அப்பாவிடம் கேட்டு அனுப்பினாய். வருவதா என்பது எனக்குப் பெரிய கேள்வியாக இல்லை. உன் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தையையாவது நம்பிக்கொண்டு அந்த மணவறை அருகில் நிற்பேனா, நம்பாமல் நிற்பேனா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அந்த நகரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. நீ அங்கே இல்லாவிட்டாலும் அது அங்கேதான் இருக்கிறது. தங்காக்கில் நின்று லேடாங் மலையை அண்ணாந்து பார். அதன் உச்சிக்குச் சற்றுத்தான் குறைவான உயரத்தில் ஒரு முழு நகரம், கடைகள், பள்ளிகள், டிராம் வண்டி, பிள்ளைகள் விளையாடும் பூங்கா, அத்தனையும் சமமான தரையில் பரந்து கிடப்பதாக நினைத்துக்கொள். அதுதான் ஸெத்தீஃப். வடக்கே மலைத்தொடர். அந்த மலைகளைத் தாண்டினால் மத்தியதரைக் கடல். கடல் அருகிலேயே இருந்தாலும், மலை மறிப்பதால் அதன் இதமான காற்று ஊருக்குள் வந்து சேராது. அதனால் குளிர்காலத்தில் பனி விழும், கோடையில் வெயில் கொளுத்தும். நம் ஊர்ப் பக்கம் பெக்கான் நானாஸில் காலை வைத்தால் உள்ளே இழுக்கும் சதுப்புக் கரிமண்ணில் அன்னாசி விளைகிறது. அங்கே காய்ந்து இறுகிய மண்ணில், குளிர்கால மழையை மட்டும் நம்பிக் கோதுமை விளைகிறது. மண்டபத்தில் இந்த இரண்டு மண்ணையும் நான் ஒப்பிட்டபோது பிள்ளைகள்கூட அசையாமல் கேட்டார்கள்.

வரலாறும் பொய்யில்லை. படையில் காலம் முடிந்த வீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்ற ரோமானியர் அமைத்த ஊர் அது. நூற்றாண்டுகள் கழித்துப் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். சுற்றியிருந்த நல்ல நிலத்தைப் பெருவாரியாக வளைத்து ஓர் ஐரோப்பியக் கம்பெனியிடம் கொடுத்தார்கள். நேற்றுவரை உழுது விதைத்தவர்கள் அதே நிலத்தில் கூலியானார்கள். ரப்பர் தோட்டத்தில் பிறந்த எனக்கு புத்தகத்தில் அந்த வரியைப் படித்துத் தாண்ட அரை மணி நேரம் ஆனது. பிறகு இரண்டாம் உலகப் போர். அந்த ஊர் இளைஞர்கள் பிரான்சின் விடுதலைக்காகப் போய்ச் சண்டை போட்டார்கள். ஐரோப்பாவில் போர் முடிந்த அன்று, சந்தை நாள், மக்கள் ஊர்வலம் போனார்கள். விடுதலை என்ற சொல் தங்களுக்கும் சேர்த்துத்தான் என்று நம்பி தங்கள் நாட்டுக் கொடியையும் எடுத்துப் போனார்கள். கொடி பிடித்தவனைப் போலீசார் சுட்டார்கள். கலவரம் மூண்டு ஐரோப்பியர்களும் செத்தார்கள். அதற்குப் பின் வாரக்கணக்கில் சுற்று வட்டாரத்தில் நடந்த பழிவாங்கலில் எத்தனை ஆயிரம் பேர் செத்தார்கள் என்பதில் இன்றுவரை ஒத்த கருத்தில்லை. இதைச் சொல்லும்போது மண்டபத்தில் என் குரல் உடைந்தது. அந்த மக்கள் பட்டதோடு என் வருத்தத்தை ஒப்பிடக்கூடாது. அது தவறான ஒப்பீடு, தேர்வுத்தாளில் எழுதினால் மதிப்பெண் தரமாட்டேன். ஆனாலும் அன்று மேடையில் 'நம்பியவர்கள்' என்ற சொல்லை எத்தனை முறை சொன்னேன் என்று இப்போது நினைத்தால் முகம் சுடுகிறது. அப்பா அந்த நேரம் உன் அறையில் தட்டு கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தாராம்.

நீ போன கதையை நான் இப்போது தலைகீழாகப் படிக்க வேண்டியிருக்கிறது. ஸெத்தீஃபில் வீடுகள் கட்டும் ஒரு நிறுவனத்தில் கட்டுமான மேற்பார்வையாளர் வேலை என்று கடிதம் வந்தபோது, ஊர்ப் பெயரை உனக்கு முன்னால் உச்சரித்தது நான்தான். லார்க்கின் பேருந்து நிலையத்தில் உன்னை ஏற்றிவிட்டோம். கோலாலம்பூரில் விசாவை வாங்கிக்கொண்டு அங்கிருந்தே விமானம் ஏறுவதாக ஏற்பாடு. பன்னிரண்டு நாள் கழித்து, நீ அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நாளில் உன் அழைப்பு வந்தது. நான் ஃபோனை எடுத்ததும் உன்னிடம் கேட்டது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. "தம்பி, சேந்துட்டியா? குளிருதா? ஊத்துத் தண்ணிய குடிச்சியா?" ஊர் நடுவில் கல் சிலை வைத்த ஓர் ஊற்று உண்டு, ஐன் ஃபுவாரா என்பார்கள். அதன் நீரைக் குடித்தவர் அந்த ஊருக்குத் திரும்பி வருவார் என்று அங்கே ஒரு நம்பிக்கை. நீ போவதற்கு முன் அதை உனக்குப் பத்து முறை சொல்லியிருப்பேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னாய், "குடிச்சேம்மா."

அந்த இடைவெளியை நான் என்னவென்று எடுத்துக்கொண்டேன் தெரியுமா? ஃபோனை வைத்ததும் உன் அப்பாவை உட்காரவைத்து, தூரத்து அழைப்புகளில் குரல் ஏன் தாமதமாக வருகிறது என்று பாடம் நடத்தினேன். பூமிக்கு மேல் துணைக்கோள், கடலுக்கு அடியில் கம்பி என்று காகிதத்தில் படம் வரைந்து காட்டினேன். நீயோ கோலாலம்பூரில் ஒரு நண்பன் வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாய். நிறுவனம் ஒப்பந்தத்தை இரத்து செய்துவிட்டது, விசா வரவில்லை என்று சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாய். இது எனக்குத் தெரிய பதினான்கு மாதங்கள் ஆயின.

அந்த மாதங்களில் ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை ஐந்து மணிக்கு, அங்கே காலை பத்து என்று நான் கணக்கு வைத்திருந்த நேரத்தில், நாம் பேசினோம். இணையம் மெதுவாக இருக்கிறது, முகம் பார்த்துப் பேச முடியாது என்றாய், நம்பினேன். படங்கள் அனுப்பினாய், அவற்றைத்தான் மண்டபத்தில் போட்டேன். பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியர்களிடம் நான் எப்போதும் சொல்வேன், விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்காதீர்கள் என்று. 'நைல் நதி வடக்கு நோக்கித்தானே பாய்கிறது?' என்று கேட்டால் தூங்குகிற மாணவனும் ஆமாம் என்பான், அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்பது உங்களுக்குக் கடைசிவரை தெரியாது. அவர்களை அப்படித் திருத்திய நான் உன்னிடம் எப்படிக் கேட்டேன்? "வெள்ளிக்கிழமை கடையெல்லாம் மூடியிருக்குமே தம்பி?" "மலையில இன்னும் பனி கரையலதானே?" நீ ஆமாம் என்றாய். எனக்கு வேண்டிய ஊரை நானே கட்டி, அதற்குள் உன்னைக் குடிவைத்தேன். என் தோழி ரோஸ்லின் டீச்சர் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து நம் பேச்சைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அலமாக், ஐயோ, நீயே கேக்குற, நீயே சொல்ற. புள்ள எதுக்கு லா நடுவுல?" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இடியைப் பற்றி உனக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை. வானம் கறுத்துக் கிடந்தது. அப்பா கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடினார். நான் வரவேற்பறையில் உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன். மேற்குப் பக்கச் சன்னலில் மின்னியது. மின்னினால் விநாடி எண்ணுவது என் பழக்கம். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒன்று என்று மனதுக்குள் சொல்வதற்குள் ஃபோனில் இடித்தது. உன் பக்கத்தில். நீ பேச்சை ஒரு நொடி நிறுத்தினாய். நான் நிறுத்தாமல் எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினெட்டு என்றபோது நம் வீட்டுச் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தற்செயல் என்று நினைத்தேன். மறுபடியும் மின்னியது. மறுபடியும் முதலில் உன் பக்கம், பிறகு என் பக்கம், பதினெட்டு. ஆறு கிலோமீட்டர். கடலும் கண்டமும் தாண்டி இருக்கிறாய் என்று நான் நினைத்த என் மகன் ஆறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறான்.

அப்போதும் உனக்கு ஒரு வழி விட்டேன். "அங்க மழையா தம்பி?" என்று கேட்டேன். ஆமாம் என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். மீதியை நானே கேட்டிருப்பேன், நீயும் அழுதிருப்பாய், அன்றே முடிந்திருக்கும். நீ சொன்னாய், "மழையா? இல்லம்மா, இங்க நல்ல வெயில். கோதுமை பச்சையா நிக்குது." அத்தனை காலமும் நீ சொன்ன பொய்களுக்கு நான் ஏதாவது ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ள முடிகிறது. அந்தக் கோதுமைக்கு மட்டும் முடியவில்லை. அதை நான் கேட்கவில்லை, தம்பி. அதை நீயாகச் சேர்த்தாய்.

ஃபோனை வைத்தேன். அப்பா நனைந்த துணிக் குவியலோடு உள்ளே வந்தார். "அவன் எங்க இருக்கான்?" என்றேன். யார் என்று அவர் கேட்கவில்லை. அதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. துணியை நாற்காலியில் வைத்தார். கோலாலம்பூரிலிருந்து எப்போதோ திரும்பிவிட்டான், நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறான், அங்கேயே மாடியறை என்றார். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். பத்து மாதமாம். உனக்கு டெங்கி காய்ச்சல் வந்து எழ முடியாமல் கிடந்தபோது அவரைக் கூப்பிட்டாயாம். அதே வாரம் என்னிடம் பனியில் சளி பிடித்ததாகச் சொன்னாய். இரண்டு காலுறை போட்டுக்கொண்டு தூங்கச் சொன்னேன். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளை தாயைக் கூப்பிடுவான் என்று நினைத்திருந்தேன். நீ என்னைக் கூப்பிடவில்லை.

முப்பத்தைந்து ஆண்டுகள் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டிய உன் அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை, உனக்கே தெரியும். அன்று நான் அவரைக் கேட்காத கேள்வியில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் இதைத்தான் சொன்னார்: "அவன் மொத நாளே சொல்லத்தான் கூப்பிட்டான், டீச்சரம்மா. நீ பாடம் எடுத்துட்டு இருந்த." அவர் என்னை டீச்சரம்மா என்று சொல்வது கேலிக்குத்தான். அன்று கேலியில்லை. இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. இப்போது பேசுகிறேன், குறைவாக. சந்தைக்குப் போய்வருகிறேன் என்று அவர் கிளம்பினால் இன்னும் என் கண் அடுக்குப் பாத்திரத்தைத் தேடுகிறது. உன் விலாசத்தை ஒரு சீட்டில் எழுதி மேசைமேல் வைத்தார். படிக்காமல் மடித்து அவர் சட்டைப்பையிலேயே திருப்பி வைத்துவிட்டேன்.

அழைப்பிதழை நீ கொண்டுவரவில்லை. நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் தனியாக வந்தாள், உன் கிடங்கில் வேலை செய்கிறவள் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். துணிச்சல்காரி. தேநீர் கொடுத்தேன், குடித்தாள், சீனி அதிகம் என்றும் சொன்னாள். நான் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன். அவளாகவே சொன்னாள். "அத்தை, சனிக்கிழமையானா ரெண்டு மணி நேரம் புக்கும் ஃபோனுமா உக்காந்திருப்பாரு. நீங்க என்ன கேப்பீங்கன்னு நெனச்சி படிப்பாரு. பரீட்சைக்குப் போற பையன் மாதிரி." கேட்டுக்கொண்டு தலையாட்டினேன். அவள் போன பிறகு கோப்பையைக் கழுவப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றேன். சனிக்கிழமைகளில் நீ என்னைத் தேடிக் கூப்பிடுவதாக நினைத்திருந்தேன். முப்பது வயதில் நீ எனக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய்.

இதனால் கணக்கு நேராகிவிட்டது என்று நினைக்காதே. என் தவறு என் தவறு, உன்னுடையது உன்னுடையது. ஒன்றைக் கழித்து மற்றொன்றை அழிக்க முடியாது. உன்னைப் பேசவிடாதது நான். ஆனால் ஏறக்குறைய அறுபது சனிக்கிழமைகளில் ஒன்றில்கூட "அம்மா, கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொல்லாதது நீ. நான் மேடை ஏறப்போகிறேன் என்று முன்பே உனக்குத் தெரியும். படம் வேண்டும் என்று கேட்டேன், தேர்ந்தெடுத்து அனுப்பினாய். ஊர் முன்னால் நான் நிற்கப்போவது தெரிந்து அனுப்பினாய். அந்த ஊற்றுச் சிலையை ஒருமுறை வெடிவைத்தும் ஒருமுறை சுத்தியலாலும் உடைத்தார்கள், ஒவ்வொரு முறையும் ஊர்க்காரர்கள் ஒட்டவைத்து நிறுத்தினார்கள். இந்த இடத்தில் அதைச் சொல்லி, நாமும் அப்படி ஒட்டிக்கொள்ளலாம் என்று முடிக்க என் கை துடிக்கிறது. எடுத்துக்காட்டு சொல்லியே பழகிய கை. அப்படி எழுதமாட்டேன். கல்லை ஒட்டுவதற்குக் கல்லைக் கேட்க வேண்டியதில்லை.

திருமணம் செய்துகொள்ளப் போகிறாய் என்பதால் ஒன்று சொல்கிறேன். உன் மனைவியும் உன்னைக் கேள்வி கேட்பாள். சில கேள்விகளில் அவளுக்குப் பிடித்த விடை முன்னாலேயே இருக்கும், நீ ஆமாம் என்றால் அவள் முகம் மலரும். அந்த மலர்ச்சியைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். என் குரலில் அதைக் கேட்டுத்தான் நீ அந்தத் தண்ணீரைக் குடித்ததாகச் சொன்னாய் என்று இப்போது எனக்குப் புரிகிறது. அவளிடம் அப்படிச் செய்யாதே. அவள் முகம் வாடினாலும் இல்லை என்று சொல்லிவிடு. சீனி அதிகம் என்று என்னிடமே சொன்னவள், தாங்குவாள். நான் தாங்கியிருப்பேனா என்று நீ கேட்டால், அன்று தாங்கியிருக்கமாட்டேன். நாலு நாள் அழுதிருப்பேன், பிறகு வேலை தேட உன்னோடு கிளம்பியிருப்பேன்.

தங்காக்குக்கு வருவேன். புடவை வாங்கிவிட்டேன். எப்படிப்பட்ட தாயாக வருவேன் என்பதற்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதை நான் மட்டும் முடிவு செய்ய முடியாது. நீ எங்கே இருக்கிறாய் என்று இனி நான் கேட்கமாட்டேன், உன் அப்பாவிடமும் தெரிந்துகொள்ளமாட்டேன். ஆகவே இதைச் செய்து பார். இன்று வேலை முடிந்ததும் ஒரு வெள்ளைத் தாளை எடு. ஃபோனைப் பார்க்காதே, யாரையும் கேட்காதே. நடுவில் நீ இருக்கிற அறையைப் போடு. வடக்கைக் குறி. அங்கிருந்து நம் வீட்டு வாசல்வரை வழியை உன் கையாலேயே வரை, ஒவ்வொரு திருப்பத்திலும் உன் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதை மட்டும் எழுது. வரைந்து முடித்ததும் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே நடந்து வா.

அம்மா